அச்சுக்கட்டையை இயந்திரம் செதுக்கினால் துணி கைவினையாகுமா?

கேள்வி – பதிந்தவர்: சாயக்கை

வணக்கம். துணியில் மரக்கட்டையால் அச்சிடும் தொழிலை மூத்தோரிடம் கற்று, இப்போது சிறிய பட்டறை ஒன்றில் சிலரோடு சேர்ந்து செய்துவருகிறேன். துணியைக் கடுக்காய்ச் சாற்றில் தோய்ப்பதில் தொடங்கி, படிகாரப் பசையை அச்சிட்டு, சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டியில் கொதிக்கவைத்து, நீலம் தரும் அவுரித் தொட்டியில் முக்கி எடுப்பது வரை எல்லாம் கையால்தான் நடக்கின்றன. ஐயம் எழுவது அச்சுக்கட்டையில்தான்.

எங்களுக்குக் கட்டை செதுக்கித் தருபவர்கள் குறைந்துவருகிறார்கள். நுண்ணிய வேலைப்பாடுள்ள ஒரு கட்டைக்குப் பல மாதங்கள் காத்திருக்க நேர்கிறது. கணினி வழி இயங்கும் வெட்டு இயந்திரம் அதே கட்டையை ஒரே நாளில் தந்துவிடும் என்று சொல்லிச் சிலர் மாதிரியும் காட்டினார்கள். துணியில் பதித்துப் பார்த்தபோது, சற்றுத் தொலைவிலிருந்து நோக்குபவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

என் கேள்விகள் மூன்று. இயந்திரம் வெட்டிய கட்டையைக் கொண்டு அச்சிட்ட துணியை நேர்மையாகக் கைவினை என்று விற்கலாமா? பழைய வடிவங்களை விட்டுவிட்டு நானே புதியன வரைந்தால், நான் காப்பாற்ற நினைக்கும் மரபை நானே கலைத்தவனாகிவிடுவேனா? இவற்றில் எதைச் செய்தாலும், வாங்குபவருக்குத் தரும் சீட்டில் எதை எழுதுவது? ‘எல்லாம் உங்கள் மனச்சாட்சியைப் பொறுத்தது’ என்ற விடையைப் பலரிடம் கேட்டுவிட்டேன். தொழிலின் உள்ளிருந்து யாரேனும் சொன்னால் நன்று.

—

மறுமொழி – பதிந்தவர்: ஊடும்பாவும்

நான் தறித்தொழிலைச் சேர்ந்தவன். ஆகவே துணிப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இயந்திரம் தொடாத தூய கைத்தொழில் ஒன்று முன்பு இருந்தது, இப்போதுதான் அது கெடுகிறது என்று எண்ணிக்கொண்டு தொடங்கினால் முடிவுக்கே வர முடியாது. இன்று கைத்தறி என்று நாம் மதிக்கும் தறிகள் பலவற்றில், கயிற்றை இழுத்தால் பாவின் (நீளவாக்கு நூல்களின்) குறுக்கே தானே ஓடும் நாடா இருக்கிறது. அது 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே காப்புரிமை பெற்ற கருவி. தறியின் மேலே தொங்கும் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு வடிவத்தை நெய்யவைக்கும் ஜக்கார்டு என்ற பொறி, 1804ஐ ஒட்டிப் பிரான்சில் உருவானது. இரண்டுமே வந்த காலத்தில் நெசவாளர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தவை. இன்று அவற்றைக் கழற்றிவிட்டால்தான் கைத்தறி என்று எவரும் சொல்வதில்லை.

உங்கள் தொழிலுக்கு மிக நெருங்கிய முன்னுதாரணம் ஜாவாவில் இருக்கிறது. அங்கே பத்திக் துணியில் உருக்கிய மெழுகைச் சிறு செம்புக் குழல் கொண்ட எழுதுகோலால் கோடு கோடாக வரைவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், செம்புத் தகடுகளை வளைத்துப் பற்றவைத்த முத்திரையால் மெழுகை ஒற்றும் முறை பரவியது. எழுதும் வேலை பெரும்பாலும் பெண்களுடையதாக இருந்தது. முத்திரை வேலை ஆண்களிடம் போனது. விளைச்சலும் பன்மடங்கு பெருகியது. அது மரபை அழிக்கவில்லை, இரண்டாகப் பிரித்தது என்றே சொல்ல வேண்டும். இன்று ‘எழுதிய பத்திக்’, ‘முத்திரைப் பத்திக்’ என்று தனித்தனிப் பெயர் சொல்லி விற்கிறார்கள். இரண்டும் மெழுகையும் சாயத்தொட்டியையும் நம்பியிருப்பதால் பத்திக் என்ற பெயருக்கு உரியவை. மெழுகே படாமல் ஆலையில் பத்திக் வடிவத்தை அச்சிட்ட துணியை அங்குள்ள கைவினைஞர்கள் பத்திக் என்று ஏற்பதில்லை. எல்லையை அவர்கள் வைத்திருப்பது கருவியில் அன்று, செயல்முறையில் என்பதைக் கவனியுங்கள்.

மரவேலைக் கலைஞரும் லண்டன் அரசக் கலைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவருமான டேவிட் பை இதற்கு ஓர் அளவுகோல் தந்திருக்கிறார். கையா இயந்திரமா என்று கேட்பதை அவர் வீண் என்றார். பொருளின் தரம் வேலை தொடங்கும் முன்பே உறுதியாகிவிட்டதா, அல்லது வேலை நடக்கும் ஒவ்வொரு நொடியிலும் செய்பவரின் கணிப்பையும் கவனத்தையும் பொறுத்துக் கெட்டுவிடக்கூடிய நிலையில் இருக்கிறதா என்பதே அவருடைய கேள்வி. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் விளங்கும். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள் ஓட, கரையின் ஊடையும் (குறுக்குவாக்கு நூலும்) உடலின் ஊடையும் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். மேலே ஜக்கார்டு இருந்தாலும் அந்தப் பிணைப்பு கையின் பொறுப்பில்தான் இருக்கிறது.

உங்கள் வேலையில் அந்த இடம் அச்சுமேசை என்று நினைக்கிறேன். கட்டை எப்படி வந்திருந்தாலும், ஒவ்வொரு பதிப்பிலும் பசையின் கெட்டித்தன்மை, கை தரும் அழுத்தம், முந்தைய பதிப்போடு மூலை பொருந்துவது ஆகியவை உங்கள் பொறுப்பில்தான் இருக்கின்றன. ஆகவே ‘கையால் அச்சிட்டது’ என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம் என்பது என் கருத்து.

—

மறுமொழி – பதிந்தவர்: கொட்டாப்புளி

முந்தைய மறுமொழியின் தர்க்கம் சரியாகவே இருக்கிறது. ஆனால் அதை எழுதியவர் கட்டையை வாங்கிப் பயன்படுத்துபவரின் இடத்தில் நின்று பார்க்கிறார். நான் கட்டை செதுக்குபவன்.

முதலில் கட்டையைப் பற்றி. சுழலும் முனையால் வெட்டும் இயந்திரம், எவ்வளவு நுண்ணிய முனையைப் போட்டாலும், உள்மூலையை அம்முனையின் பருமனுக்கேற்ப வளைத்தேதான் விடும். இலையின் காம்பு தண்டோடு சேரும் கூர்மையான இடுக்கு உளிக்கு எளிது. சுழலும் முனைக்கு எட்டாது. லேசர் அந்த இடுக்குக்குள் போகும், ஆனால் விளிம்பைக் கருக்கும். இன்னொன்றும் உண்டு. செதுக்குபவர் கோட்டின் இரு பக்கச் சுவர்களையும் செங்குத்தாக விடமாட்டார். அடியில் அகலமாகச் சரிய விடுவார். மரத்தின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லிய கோடு போனால் அது எளிதில் முறியும் என்பதால், அந்த இடத்தில் மட்டும் சரிவைக் கூட்டுவார். இயந்திரத்துக்கும் சரிவைச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் இந்தக் கட்டையில், இந்த அங்குலத்தில் நார் எப்படித் திரும்புகிறது என்பதைப் பார்த்துச் சரிவை மாற்றும்படி யாரும் அதற்குச் சொல்வதில்லை. பெரிய பரப்பை நிரப்பும் கட்டையில் காற்று வெளியேறத் துளைகள் இட வேண்டும் என்பதையும், வரைபடத்தை மட்டும் பார்த்து வெட்டுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட கட்டை துணியில் திட்டுத்திட்டாகப் பதியும்.

இவை எல்லாவற்றையும் நாளை இயந்திரம் கற்றுக்கொள்ளக்கூடும். என் கவலை வேறு. ஒரு கைத்தொழில் மறையும்போது, கண்ணுக்குத் தெரியும் இறுதிக் கலைஞர் கடைசியாகத்தான் போகிறார். அவருக்கு முன்பே, அவருக்குக் கருவியும் மூலப்பொருளும் தருபவர் போய்விடுகிறார். தறியில் பாவு நூல்களைப் பிரித்து நிறுத்தும் அச்சைக் கட்டுபவர், அந்நூல்களை உயர்த்தித் தாழ்த்தும் விழுதைக் கட்டுபவர், குயவருக்குச் சக்கரம் செய்பவர், எங்களைப் போன்ற கட்டைக்காரர் ஆகியோருக்கு விருதும் கிடையாது, கண்காட்சியில் பெயரும் கிடையாது. ஜப்பானிய அரக்கு வேலையைப் பாருங்கள். அரக்கு மரம் பால் தரும் பருவத்தை அடையப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஒரே பருவத்தில் கீறிக் கீறி ஏறக்குறைய 200 கிராம் பால் எடுத்தபின் மரத்தை வெட்டிவிடுகிறார்கள். மலிவான இறக்குமதி அரக்கு வந்ததும் பால் எடுப்போர் தொழிலை விட்டார்கள். தேசியச் செல்வங்களாக அறிவிக்கப்பட்ட கட்டடங்களைப் புதுப்பிக்க உள்நாட்டு அரக்கையே பயன்படுத்துவது என்று 2015இல் அந்நாட்டுப் பண்பாட்டுத் துறை முடிவு செய்தபோது, தேவைக்கேற்ற அளவு அரக்கு கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. அரக்குப் பூசும் கலைஞர்கள் இருந்தார்கள்; மரமும் அதைக் கீறும் கையும்தான் போதவில்லை.

பிரிட்டனில் 2017ஆம் ஆண்டு வெளியான அருகிவரும் கைத்தொழில்களின் பட்டியலில், கையால் கிரிக்கெட் பந்து செய்தல், சல்லடை செய்தல் உள்ளிட்ட நான்கு தொழில்கள் அற்றுப்போனவை என்று குறிக்கப்பட்டன. சல்லடையைப் பிறகு ஒருவர் பழைய கருவிகளைத் தேடிப் பிடித்து மீட்டார் என்பது உண்மை. ஆனால் கற்றுத்தர ஆசிரியர் இல்லாமல், பொருளையும் படங்களையும் பார்த்து ஊகித்துக் கற்க வேண்டிய நிலைக்கு ஒரு தொழிலை விடுவதை நான் காப்பாற்றுதல் என்று சொல்லமாட்டேன்.

ஆகவே உங்கள் துணி கைவினையா என்றால், ஆம். ஆனால் உங்கள் அச்சுமேசையில் மட்டுமே மரபு இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

—

மறுமொழி – பதிந்தவர்: சீட்டெழுதி

மூன்றாம் கேள்விக்கு, அதாவது சீட்டில் என்ன எழுதுவது என்பதற்கு மட்டும் விடை சொல்கிறேன். கைவினைப் பொருட்களின் குறியீடு, பதிவு ஆகியவற்றோடு எனக்குத் தொழில்முறைத் தொடர்பு உண்டு.

எது கைவினை என்பதற்கு உலகெங்கும் ஒரே விடை இல்லை என்பதைச் சட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் உடனே காணலாம். ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணிக்கு 1993இல் பிரிட்டன் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் சாயமேற்றி நூற்ற கம்பளியை, அத்தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்து, அங்கேயே முடிவேலையும் செய்திருக்க வேண்டும் என்பது அதன் வரையறை. இதில் நூற்பு ஆலையில் நடக்கலாம். அந்தத் தளர்வு 1934லேயே வந்துவிட்டது. நூலை ஆலைக்கு விட்டுக்கொடுத்து, நெசவை வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். இது தற்செயலாக நேர்ந்ததன்று. எதை விட்டால் தொழில் பிழைக்கும், எதை விட்டால் தொழிலே வேறாகிவிடும் என்று கூடிப் பேசி எடுத்த முடிவு.

இந்தியாவில் கைத்தறிக்கான 1985ஆம் ஆண்டின் ஒதுக்கீட்டுச் சட்டம் கருவியைப் பார்க்கிறது: விசைத்தறி அல்லாத தறி எதுவும் கைத்தறி. ஜப்பானின் 1974ஆம் ஆண்டுச் சட்டம் அன்றாடப் பயன்பாடு, செயல்முறையின் முக்கியப் பகுதி கைவேலையாக இருத்தல், மரபான நுட்பம், மரபான மூலப்பொருள், ஒரு வட்டாரத்தில் போதிய எண்ணிக்கையில் செய்வோர் இருத்தல் எனப் பலவற்றைச் சேர்த்துக் கேட்கிறது. ‘முக்கியப் பகுதி’ என்ற சொல்லாட்சியைப் பாருங்கள். துணைவேலைக்கு இயந்திரம் வரலாம் என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டமோ நுட்பத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. அமெரிக்கப் பழங்குடியினரின் கைவினை என்று விற்கப்படும் பொருளை உண்மையில் அப்பழங்குடியைச் சேர்ந்தவர்தான் செய்தாரா என்று மட்டும் கேட்கிறது.

ஆக, இடம், கருவி, செயல்முறை, செய்பவர் என நான்கில் எதை உயிராகக் கருதுகிறோம் என்பதை அந்தந்தத் தொழிலைச் சேர்ந்தவர்களே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. புவிசார் குறியீடு உங்கள் ஐயத்தைத் தீர்க்கும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். பெயரைப் பிற இடத்தார் பயன்படுத்துவதைத் தடுப்பதே அதன் முதன்மையான வேலை. பதிவு ஆவணத்தில் செயல்முறை விவரிக்கப்பட்டிருந்தாலும், ஒவ்வொரு பட்டறையிலும் யாரும் வந்து உளியை எண்ணிப் பார்ப்பதில்லை.

என் பரிந்துரை எளிது. ‘கைவினை’ என்ற பொதுச்சொல்லை நம்பியிருக்காமல், ஒவ்வொரு படியையும் யார், எதனால் செய்தார்கள் என்று எழுதிவிடுங்கள். ‘துணி ஆலையில் நெய்தது, கட்டை இயந்திரத்தில் வெட்டிக் கையால் முடித்தது, அச்சும் சாயமும் கையால் செய்தவை’ என்று எழுதுவதால் மதிப்புக் குறையும் என்று நண்பர்கள் அஞ்சுகிறார்கள். கூடுதல் விலை கொடுத்து வாங்குபவர்கள் பெரும்பாலும் விவரத்துக்காகத்தான் அந்த விலையைத் தருகிறார்கள் என்பதே நான் கண்டது.

—

மறுமொழி – பதிந்தவர்: மஞ்சிட்டி

இரண்டாம் கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டார்கள். எனக்கு மூன்றிலும் அதுதான் பெரியதாகத் தோன்றுகிறது.

புதிய வடிவம் வரைந்தால் மரபு கலையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சான் இல்தெஃபோன்சோ என்ற பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த மரியா மார்ட்டினெஸ், அவருடைய கணவர் ஜூலியன் ஆகிய இருவரின் கருமட்பாண்டங்களைப் பார்த்திருப்பீர்கள். வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய பாண்டத்தின் மேல் ஜூலியன் மண்குழம்பால் கோலம் வரைவார். சூளையில் தீ எரியும்போதே பொடித்த சாணத்தைக் கொட்டி மூடிக் காற்றை அடைப்பார்கள். மெருகிட்ட இடம் கண்ணாடிபோல் கறுத்தும், வரைந்த இடம் ஒளியற்றுக் கறுத்தும் வரும். இன்று அது அம்மக்களின் மரபு என்றே உலகம் அறிகிறது. ஆனால் கறுப்பின் மேல் கறுப்பாக வரையும் இம்முறையை அவர்கள் இருவரும் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் உருவாக்கினார்கள். பழைய பாண்டங்களின் உடைந்த ஓடுகளைப் பார்த்து மீட்க முனைந்த இடத்தில் புதியது பிறந்தது. மரியா அதைத் தன்னோடு பூட்டிக்கொள்ளவில்லை என்பதுதான் அது மரபானதற்கு முதற்காரணம். ஊராருக்கும் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார்.

உங்கள் சாயத்தொட்டிக்கு இன்னும் நெருக்கமானது குஜராத்தின் கச்சுப் பகுதியில் மரக்கட்டையால் அச்சிடும் அஜ்ரக் துணி. 14 முதல் 16 படிகள் வரை செல்லும் அந்த வேலையில், கடுக்காய், சுண்ணாம்பும் கருவேலம்பிசினும் கலந்த, சாயம் பிடிக்காமல் தடுக்கும் பசை, வெல்லத்தோடு ஊறவைத்த இரும்பிலிருந்து கறுப்பு, படிகாரம், மஞ்சிட்டி, அவுரி என்று போகிறது. இது இடையறாமல் வந்த ஓடை என்று பலர் நினைக்கிறார்கள். சென்ற நூற்றாண்டின் நடுவில் அங்கும் வேதிச்சாயம் பெரும்பாலும் இடம்பிடித்துவிட்டது. தமட்கா ஊரின் முகமது சித்திக் கத்ரி 1970களில் இயற்கைச் சாயத்துக்குத் திரும்பி, தம் பிள்ளைகளையும் அதில் பழக்கினார். 2001ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு, தண்ணீரில் இரும்பு மிகுந்து நிறம் மங்கியதால், பல குடும்பங்கள் அஜ்ரக்பூர் என்ற புதிய ஊரையே அமைத்துக் குடிபெயர்ந்தன. சாயம் மாறியது, திரும்பியது, ஊர் மாறியது, வாங்குபவரும் மாறினார்கள். முன்பு கால்நடை மேய்ப்போர் தோளில் போட்ட துணி இன்று சேலையாகவும் துப்பட்டாவாகவும் போகிறது. அந்த மாற்றத்தை யார் முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். தொழிலைச் செய்தவர்களே செய்தார்கள்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கிறது. நகரத்து வடிவமைப்பாளர் ஒருவர் படத்தைக் கொடுக்க, கைவினைஞர் கூலிக்கு அதை நிறைவேற்றுகிறார். நுட்பம் அப்படியே இருக்கும், துணியும் அழகாக இருக்கும், ஆனால் முடிவெடுக்கும் பழக்கம் அந்தப் பட்டறையை விட்டுப் போய்விடும். துணிக்கலை ஆய்வாளர் ஜூடி ஃப்ரேட்டர் 2005இல் கச்சில் கலா ரக்ஷா வித்யாலயா என்ற பள்ளியைத் தொடங்கியபோது, கைவினைஞர்களுக்கு நெய்யவோ அச்சிடவோ கற்றுத்தரவில்லை; அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். நிறம், அமைப்பு, சந்தை ஆகியவற்றைத் தாமே முடிவு செய்யும் வடிவமைப்புப் பயிற்சியைத்தான் தந்தார்கள். என் பார்வையில் அது நூறு கண்காட்சிகளுக்கு மேலானது.

எனவே தாராளமாக வரையுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: உங்கள் வட்டாரத்துக்கும் குடும்பத்துக்கும் உரிய வடிவங்களிலிருந்து வளர்ப்பது வேறு, வேறொரு சமூகத்தின் அடையாள வடிவத்தை எடுத்துக்கொள்வது வேறு. மெக்சிகோவில் மிஹே என்ற பழங்குடி மக்களின் மேலாடை வடிவத்தைப் பிரெஞ்சு ஆடை நிறுவனம் ஒன்று பயன்படுத்தியதாக 2015இல் எழுந்த சர்ச்சையும், அதுபோன்ற பிறவும் வளர்ந்து, பழங்குடியினரின் பண்பாட்டு உடைமையைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டம் 2022இல் அங்கே வந்தது.

—

மறுமொழி – பதிந்தவர்: சாயக்கை (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. வடிவங்களைப் பற்றிய தயக்கம் நீங்கிவிட்டது. சீட்டையும் படிவாரியாகவே எழுதப் போகிறேன். கட்டையைப் பற்றி மட்டும் கொட்டாப்புளி ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். பின்னணியை ஆழமாக எடுக்கும் சலிப்பான பகுதியை இயந்திரத்துக்கு விட்டு, கோட்டையும் விளிம்பையும் செதுக்குபவரின் உளிக்கு விட்டால், அவருடைய நாளும் மிச்சமாகும், எங்களுக்கும் கட்டை விரைவில் கிடைக்கும். செதுக்குபவர்கள் இதை ஏற்பார்களா, இழிவாக நினைப்பார்களா?

—

மறுமொழி – பதிந்தவர்: கொட்டாப்புளி

இழிவாக நினைக்க ஒன்றும் இல்லை. பின்னணியை எடுக்க மின்துளைக் கருவியைப் பயன்படுத்தும் செதுக்குபவர்கள் இப்போதே உண்டு. கோட்டுக்கு வெளியே ஒரு சிறு இடைவெளி விட்டு இயந்திரம் வெட்டட்டும். மீதியை உளி பார்த்துக்கொள்ளும். கூலியை மட்டும் மணிக்கணக்கில் குறைக்காதீர்கள். மிச்சமானது எளிய வேலை. எஞ்சியிருப்பது முழுக்கக் கவனம் கோரும் வேலை. கட்டைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வதே இரு தரப்புக்கும் நல்லது.

ஒரு நிபந்தனை உண்டு. அந்தச் சலிப்பான வேலையில்தான் கற்றுக்கொள்பவரின் கை பழகுகிறது. உளி எந்தக் கோணத்தில் நாரைக் கிழிக்கும், எந்தக் கோணத்தில் சீவும் என்பதைப் பின்னணி எடுக்கும்போதுதான், பிழை நேர்ந்தாலும் கோடு கெடாத இடத்தில், அறிந்துகொள்கிறார்கள். ஆகவே உங்கள் ஆர்டரில் பெரிய பூவும் தடித்த கோடும் உள்ள சில கட்டைகளையாவது முழுவதும் கையால் செதுக்கக் கொடுங்கள். அவை பயில்பவர்களிடம் போகும்.

இயந்திரம் வைத்திருப்பவரிடம் உங்கள் வரைபடக் கோப்பை அனுப்பும்போது, வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுவதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மரக்கட்டையைத் திருடினால் ஒரு கட்டைதான் போகும். கோப்பு போனால் அதே பூ வேறு எத்தனை பட்டறைகளில் பதியும் என்று உங்களால் எண்ண முடியாது.